அக்கவுன்ட்டைப் பூட்டிட்டாங்க, வீடியோ ஓடிட்டுதான் இருக்கு

வணக்கம் மக்களே, சிட்னி வென்ட்வொர்த்வில்ல இருந்து. இன்னிக்கு சமையல் கிடையாது. போன வீடியோ கமெண்ட்ல பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: "அக்கா, அங்க பதினாறு வயசுக்குக் கீழ சோஷியல் மீடியாவே கிடையாதாமே, நிஜமா?" அதைத்தான் பேசப்போறேன். இந்தச் சானலே யூடியூப்ல ஓடுது, அதனால நான் சொல்றதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்க.

சட்டம் 2024 நவம்பர் கடைசில பார்லிமென்ட்ல பாஸ் ஆச்சு, 2025 டிசம்பர் 10ல இருந்து அமல். ஃபேஸ்புக், இன்ஸ்டா, த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், ட்விட்ச், கிக், இந்தப் பத்துலயும் 16 வயசு ஆகாதவங்க அக்கவுன்ட் வச்சிருக்கக் கூடாது. ஊர்ல இருந்து போன் பண்றவங்க எல்லாம் "பிள்ளைய போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுமா?"ன்னு கேக்குறாங்க. அதெல்லாம் இல்லங்க. பிள்ளைக்கும் தண்டனை இல்ல, பெத்தவங்களுக்கும் இல்ல. அபராதம் கம்பெனிக்கு மட்டும்தான், 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும்.

இதுக்கு மட்டும் பிரதமர் அல்பனீஸியோட அரசாங்கத்துக்கு ஒரு கும்பிடு. இத்தனை வருஷமா "பெத்தவங்கதான் பாத்துக்கணும்"னு எல்லாத்தையும் நம்ம தலையில கட்டிட்டு இருந்தாங்க. இந்தியால 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்குக் கீழன்னா பெற்றோர் சம்மதம் வேணும்னு இருக்கு, அது படிப்படியா அமலுக்கு வருது. இங்க நானே சரின்னு சொன்னாலும் செல்லாது. எனக்கு அது நிம்மதிதான். "கிளாஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்க"ன்னு நச்சரிக்கிறவன்கிட்ட, "போ, பிரதமர்கிட்ட கேளு"ன்னு சொல்லிடலாம்ல!

சரி, என் சண்டைக்கு வரேன். இந்தச் சட்டம் பிடிச்சது அக்கவுன்ட்டை. வீடியோவை இல்ல.

என் பையனுக்கு 14 வயசு. யூடியூப்ல அவனுக்கு என் கண்காணிப்புல ஒரு அக்கவுன்ட் இருந்துச்சு. என்ன பாத்தான்னு நான் பாக்கலாம், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடுற ஆட்டோபிளேய அமத்தி வைக்கலாம். அக்கவுன்ட் போனதும் அந்தக் கடிவாளமும் சேர்ந்து போயிடுச்சு. இப்ப என்ன நடக்குது? திருநெல்வேலில இருந்து ஆச்சி வாட்ஸ்ஆப்ல ஒரு ஷார்ட்ஸ் லிங்க் அனுப்புறாங்க, கோயில் யானை குளிக்குது, "ஏல, இதைப் பாரு"ன்னு. வாட்ஸ்ஆப் தடைல இல்ல. அவன் தட்டுறான், லாகின் கேக்காம பிரவுசர்ல திறக்குது. யானை முடிஞ்சுது, விரலால தள்ளுறான். யாரையோ ஏமாத்தி விளையாடுற ஒரு பிராங்க் வீடியோ. இன்னொரு தள்ளு. ஹெல்மெட் இல்லாம பைக்ல சாகசம். அப்புறம் நடுரோட்டுல ரெண்டு பேர் சட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பதினெட்டு வயசுக்கு மேலன்னு முத்திரை குத்தின வீடியோ லாகின் இல்லாம வராது, அது உண்மை. ஆனா ரோட்டுச் சண்டைக்கு எவன் முத்திரை குத்துறான்?

இதை மேற்பார்வை பாக்குறது இசேஃப்டி கமிஷனர், அதாவது இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசாங்க அதிகாரி. சட்டம் அமலுக்கு வந்தப்ப அந்தப் பதவில இருந்தது ஜூலி இன்மன் கிரான்ட். யூடியூபுக்கு முதல்ல விலக்குன்னுதான் பேச்சு. கூடாதுன்னு சொன்னதே அந்தம்மாதான். 2025 ஜூலைல அரசாங்கமும் விலக்கை எடுத்துடுச்சு. அவங்க பக்க வாதம் என்னன்னா, அக்கவுன்ட் இல்லன்னா நோட்டிஃபிகேஷன் வராது, பிள்ளையோட பழக்கத்தைப் பாத்துப் பாத்து அல்காரிதம் வலை பின்னாது. நியாயம்தான், நான் மறுக்கல. ராத்திரி பதினொரு மணிக்கு "டிங்"னு வர்ற சத்தம் எங்க வீட்டுல நின்னு போச்சு.

வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு கேட்டீங்க. அரசாங்க அடையாள அட்டையத்தான் காட்டணும்னு கம்பெனி கட்டாயப்படுத்த முடியாது, வேற வழியும் குடுக்கணும். அதனால பல இடத்துல செல்ஃபிதான், முகத்தைப் பாத்து மெஷின் வயசு சொல்லும். எங்க அக்கா பையனுக்கும் 14 தான், ஆனா மீசை நல்லா கருகருன்னு அரும்பிடுச்சு. ஒரு ஆப்ல தலைய இப்படி அப்படித் திருப்பினான், பச்சை டிக் விழுந்துடுச்சு. எதிர் வீட்டுப் பொண்ணுக்கு 17 முடிஞ்சிருக்கு, குழந்தை முகம். அவளைப் பூட்டிடுச்சு, அழுது தீர்த்துட்டா. 16ஐ ஒட்டின வயசுல மெஷின் தடுமாறும்னு அரசாங்கமே நடத்தின சோதனைலயும் சொல்லியிருக்காங்க.

2026 ஜனவரில ஒரு கணக்கு வெளியிட்டாங்க, சுமார் 47 லட்சம் அக்கவுன்ட் முடக்கியாச்சுன்னு. பெரிய நம்பர்தான். ஆனா அது அக்கவுன்ட் கணக்கு, தலைக் கணக்கு இல்ல. ஒரே பிள்ளை நாலு ஆப்ல இருந்தா நாலுன்னு எண்ணிக்கோங்க.

நான் எதிர்பாக்குறது வேற சட்டம். "டிஜிட்டல் டியூட்டி ஆஃப் கேர்" கொண்டு வரோம்னு இதே அரசாங்கம் 2024 நவம்பர்லயே அறிவிச்சுது. அதாவது, தன்னோட ஆப்னால என்ன கெடுதல் வரும்னு கம்பெனியே முன்கூட்டி யோசிச்சுத் தடுக்கணும், தவறினா பொறுப்பு அதோடது. அதை ஒழுங்கா எழுதினா ஆட்டோபிளேயும், முடிவே இல்லாம வழுக்கிட்டுப் போற ஸ்க்ரோலும் கேள்விக்கு வரும். ஆச்சி அனுப்புற லிங்க்கும் அதுக்குள்ள அடங்கும். வயசுத் தடைய ஒரே வருஷத்துல அமல்படுத்தத் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நிதானம்? வயசுத் தடைன்னா தலைப்புச் செய்திக்கு ஒரு வரி போதும்ல.

இந்தியால இருந்து பாக்குறவங்களுக்கும் இது தூரத்து விஷயம் இல்ல. 2025 டிசம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா மாதிரி சட்டம் கொண்டு வரலாமான்னு யோசிங்கன்னு மத்திய அரசுக்குச் சொல்லியிருக்கு. ஒரே போனை வீடே பாக்குற எடத்துல, அந்த அக்கவுன்ட் அப்பா பேர்ல இருக்கும், பாக்குறது பிள்ளையா இருக்கும். அங்க முகத்தை யார்கிட்ட காட்டச் சொல்வீங்க? உங்க வீட்டுல எப்படின்னு கமெண்ட்ல எழுதுங்க. பையன் கிளாஸ் மொத்தமும் ஸ்னாப்சாட்ல இருந்து வாட்ஸ்ஆப் குரூப்புக்குத் தாவின கதை இருக்கு, அதுல அம்மாக்கள் பட்ட பாடு தனி, அடுத்த வாரம் சொல்றேன்.