ஆடிப்பட்டமா, சித்திரை மழையா?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறேன். வீட்டுத் தோட்டத்தில் எப்போது விதை போடுவது, இந்தச் சமயத்தில் என்னென்ன வேலை பார்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பங்குனி முடியப் போகிறது, பேச வேண்டிய நேரம் இதுதான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தமிழ்நாட்டுக்கு அது பொன்னான வார்த்தை. ஆனால் பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஜூன், ஜூலை மாதங்கள்தான் பல இடங்களில் மழை குறைவான காலம். தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பங்கைச் சுமத்ரா மலைகளே வாங்கிக்கொள்கின்றன. ஆடி பிறந்ததும் விதை போட்டுவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

மேற்குக் கரையில் இருக்கும் நமக்குப் பட்டம், அதாவது விதைக்கும் காலம், இரண்டு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. இரண்டுமே பருவக்காற்று திசை மாறும் இடைவேளைகள். காலையில் வெயில் கொளுத்தும், மாலையில் இடியோடு கொட்டும். கிழக்குக் கரையில் இருக்கும் கிளந்தான், திரங்கானு நேயர்களுக்குக் கணக்கு வேறு. ஆண்டுக் கடைசியின் பெருமழை ஓய்ந்த பிறகுதான் அங்கே மண்ணில் கை வைக்க முடியும்.

கடையில் வாங்கும் வெளிநாட்டு விதை உறையில் 'வசந்த காலத்தில் விதைக்கவும்' என்று போட்டிருக்கும். அந்த நாடுகளில் பனி விலகி மண் சூடேற வேண்டும், அதற்காகச் சொல்வது. நம் மண் எப்போதும் சூடுதான், பகலும் ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது மழையை மட்டும்தான்.

சரி, பாத்திக்கு வருவோம். தமிழ்நாட்டில் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்குவார்கள். அங்கே ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இங்கே பெரும்பாலான ஊர்களில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், சுற்றிலும் தண்ணீர் ஓட வாய்க்கால் விடுங்கள். தேங்கினால் நாற்று கழுத்தோடு அழுகிச் சாயும். நம் செம்மண் மழையில் சத்து கரைந்து புளித்துப் போன மண். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறி விடுங்கள். கோழி எருவை அதே நாளில் சேர்க்க வேண்டாம், சத்து ஆவியாகப் போய்விடும். எரு நன்றாக மக்கியும் இருக்க வேண்டும்.

விதைத்த பிறகு மண்ணை வெறுமையாக விடாதீர்கள். ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். ரப்பர் கன்று நட்ட இடத்தில் மழை மண்ணை அரிக்காமலிருக்க ஊடே கொடிப்பயிர் படர விடுவார்கள். வீட்டில் வெட்டிய புல்லும் காய்ந்த இலையும் போதும்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்துக் காலையில் நேராகப் பாத்தியிலேயே ஊன்றுங்கள். ஐம்பது நாள் வாக்கில் காய் பறிக்கலாம். பயற்றங்காயும் அப்படித்தான், ஆனால் கொடி ஏறக் குச்சி முதலிலேயே நட்டிருக்க வேண்டும். கத்தரி, மிளகாயை மட்டும் கூரைக்கடியில் நாற்றுவிட்டு நான்கைந்து வாரம் கழித்துப் பிடுங்கி நடுங்கள். கீரை விதை பொடி விதை, மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே இரண்டு தென்னை மட்டையைச் சாய்த்து வையுங்கள். சித்திரை மழை ஒரே அடியில் விதையை வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். முளை தலை காட்டியதும் மட்டையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து நீண்டு போகும்.

பாகற்காய்க்கு வருகிறேன், எனக்குப் பிடித்த கொடி. விதை ஓடு கெட்டி. நகவெட்டியால் முனையை லேசாக நறுக்கி ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். பெரிய எதிரி பழ ஈ. பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். காய் வெளியே பச்சையாகத்தான் இருக்கும், நறுக்கினால் உள்ளே புழு நெளியும். மருந்தடிக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, சொல்லிக் கொடுத்த வழி இது: பூ வாடிப் பிஞ்சு விரல் அளவு வந்ததும் பழைய நாளிதழைக் குழாயாகச் சுருட்டி மாட்டுங்கள், காம்புப் பக்கம் ஈர்க்குச்சியால் குத்தி மூடுங்கள், கீழே திறந்தே இருக்கட்டும். ஈ குத்திய காய்களைக் கொடிக்கடியில் போடாமல் பையில் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் அடுத்த ஈயாக வரும்.

மழைக்காலத்தில் விட்டுவிடவே கூடாத வேலை ஒன்று உண்டு. பூந்தொட்டித் தட்டு, தண்ணீர்ப் பீப்பாய், கவிழ்க்காத வாளி, எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போகாது.

அப்புறம், அக்டோபர்ப் பட்டத்துக்கு விதையை இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்த்த வெண்டைச் செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் செடியிலேயே முற்றிக் காய விடுங்கள். ஜூலை வெயில் அதற்குத் தோதானது. விதையை நிழலில் உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்த விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். புட்டி மேல் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.