பின்னால் இழுக்கவும் வீட்டுக்கு ஓடவும் ஒரே வண்டி

வணக்கம் நேயர்களே. வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்ன கார் நிற்கிறது. இரண்டாவதாக ஒன்று வாங்க வேண்டும். அது தோட்டத்துக்குத் தண்ணீர் டேங்கையோ, விசேஷ வீட்டுக்கு ஜெனரேட்டரையோ பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். மறுநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, மதுரை சிம்மக்கல் நெரிசலுக்குள்ளும் புகுந்து வர வேண்டும். மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கம் கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு டவுனில் குடியிருப்பவர்கள் பலருக்கு இந்தத் தேவை இருக்கிறது. டிராக்டர் வாங்கிப் போடுகிற அளவுக்கு வேலை இருக்காது, இருக்கிற காரை வைத்தும் சமாளிக்க முடியாது.

இப்படி வண்டி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்றுதான். அந்தக் கேள்வி அப்புறம். இழுக்கப் போகிற பாரம் எத்தனை கிலோ? அதை முதலில் கேளுங்கள். கண் அளவுக்குச் சொல்லாதீர்கள். டிரெய்லரில் வழக்கமாக ஏற்றுகிற அத்தனையையும் ஏற்றி, பக்கத்து எடை மேடையில் ஒருமுறை நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள். 500 லிட்டர் டேங்க் என்றால் தண்ணீர் மட்டும் 500 கிலோ. இரும்புச் சட்டம், அச்சு, சக்கரம், டேங்க் எல்லாம் இன்னொரு 200 கிலோ என்று வைத்தால் 700 ஆகிவிட்டது. ஒரு சின்ன ஹேட்ச்பேக் காரின் எடையே 700, 800 கிலோதான். அப்படியென்றால் கார் தன் எடைக்குத் தன் எடை இன்னொன்றை இழுக்கிறது.

சமதரையில் இழுத்துவிடும். அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாயில் இறங்கும்போதுதான் சேதி தெரியும். பின்னால் வருகிற 700 கிலோவுக்குப் பிரேக் கிடையாது. கார் தன் பிரேக்கில் அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். இழுப்பது இரண்டாம்பட்சம், நிறுத்துவதுதான் முதல். இங்கிலாந்தில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: வண்டியின் காலி எடையில் பாதி, அல்லது 750 கிலோ, இரண்டில் எது குறைவோ அது. நமக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். 700 கிலோ இழுக்க வேண்டுமென்றால் முன்னால் போகிற வண்டி குறைந்தது 1,400 கிலோ இருக்க வேண்டும். அதற்கு மேல் பாரம் என்றால் டிரெய்லரிலேயே பிரேக் வேண்டும். முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே வந்து கொக்கியை நெருக்கும், அந்த நெருக்குதலே அதன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் மாதிரி அமைப்பு உண்டு.

தண்ணீர் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பாதி டேங்க் தண்ணீர் முழு டேங்கைவிட ஆபத்து. பிரேக் போட்டதும் உள்ளே தண்ணீர் முன்னால் பாய்ந்து மோதும், திரும்பினால் பக்கவாட்டில் சாயும். டேங்கை நிரப்புங்கள், அல்லது காலியாகக் கொண்டுபோங்கள், அல்லது உள்ளே தடுப்புத் தகடு வைத்த டேங்காக வாங்குங்கள்.

அடுத்தது, யாரும் பார்க்காத விஷயம். நம் ஊர் மாட்டு வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, கார்க்காரர்கள் மறந்துவிட்டார்கள். முன்பாரம், பின்பாரம். வண்டியில் மூட்டை அடுக்கியதும் வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பின்பாரமாக இருந்தால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் அதிகமானால் நுகம் அழுத்திக் கழுத்து புண்ணாகும். மேடு ஏறும்போது பாரம் பின்னால் தள்ளும் என்று தானே முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் போவார். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், கொஞ்சம்தான் இருக்க வேண்டும். டிரெய்லருக்கும் அட்சரம் பிசகாமல் அதே கணக்கு. மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 700 கிலோவுக்கு 35-லிருந்து 70 கிலோ.

இதை அளக்க ஆள் எடை பார்க்கிற மெஷின் போதும். பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மெஷின் மேல், காரின் கொக்கி எந்த உயரமோ அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் மெதுவாக இறக்குங்கள். 50 கிலோ காட்டினால் சரி. 10 கிலோதான் காட்டுகிறதா? பாரத்தை முன்னால் நகர்த்துங்கள். டீசல் ஜெனரேட்டரில் இன்ஜின் பக்கம் கனம், அந்தப் பக்கம் அச்சுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். ஸ்டெப்னியையும் டீசல் கேனையும் வால்பக்கம் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

பின்பாரமான டிரெய்லர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வாலாட்ட ஆரம்பிக்கும். இடதும் வலதுமாக ஆடி, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து ஆட்டும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் மடங்கிப் பக்கவாட்டில் வந்து நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தாலும் ஆட்டம் கூடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகம் தானாக இறங்கட்டும். திரும்பவும் சொல்கிறேன்: காலை எடுங்கள், நேராகப் பிடியுங்கள்.

இந்த முன்பாரக் கணக்குதான் எந்த வண்டி வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறது. கொக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே 75 கிலோ அமுக்கினால் முன் சக்கரம் 28 கிலோ அளவுக்கு லேசாகும், பின் சக்கரத்தில் 100 கிலோவுக்கு மேல் கூடும். முன் சக்கரம் ஓட்டுகிற கார் என்றால் ஈர மேட்டில் சக்கரம் வழுக்கிக்கொண்டு நிற்கும். பின் சக்கரம் ஓட்டுகிற வண்டிக்கு அதே பாரம் பிடிமானத்தைக் கூட்டும். ஆகவே பின் சக்கர ஓட்டம், தனி சேசிஸ் (பாடிக்கு அடியில் தனியாக ஓடுகிற இரும்புச் சட்டம்), 1,400 கிலோவுக்குக் குறையாத எடை. மூன்றும் சேர்ந்த வண்டியாகத் தேடுங்கள்.

மஹிந்திரா பொலேரோவில் மூன்றும் உண்டு. பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்பாரத்துக்கு அமுங்கி உட்காராது. நீளம் 4 மீட்டருக்குள், மாசி வீதியில் இடம் பார்த்து நிறுத்தலாம். 1.5 லிட்டர் டீசலில் 75 குதிரைத்திறன்தான், ஆனால் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்புகிற பலம், 210 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றும்போதே கிடைக்கிறது. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார்கள் பலவற்றில் 110 சொச்சம்தான், அதற்கும் 4,000 சுற்றுக்கு மேல் போக வேண்டும். பாரத்தோடு கிளம்பும்போது கிளட்சைக் காலில் பாதி வைத்துக்கொண்டே உறுமவிட நேர்வதும், பிளேட் கருகுவதும் இதனால்தான். குடும்பம் பெரிது என்றால் பழைய இன்னோவா நல்ல தேர்வு. அதற்கும் தனி சேசிஸ், பின் சக்கர ஓட்டம் உண்டு. ஆனால் நீளம் நாலரை மீட்டரைத் தாண்டும், பின்னால் காயில் ஸ்பிரிங் என்பதால் பாரத்துக்குக் கொஞ்சம் தாழும். இசுசு வி-கிராஸ் இழுப்பதற்கு அருமை, 5 மீட்டருக்கு மேல் நீளம், டவுனுக்குள் தினமும் ஓட்டுவது பாடு. மஹிந்திரா தார் போல நீளம் குறைந்த ஜீப்பை டிரெய்லர் எளிதில் ஆட்டிவிடும். நாலு சக்கர ஓட்டம் எல்லோருக்கும் வேண்டியதில்லை. திருமங்கலம், பேரையூர் பக்கம் மழைக்காலத்தில் கரிசல் காட்டுக்குள் இறங்குகிறவர்கள் மட்டும் அதற்குக் காசு கொடுக்கலாம்.

எதை எடுத்தாலும் அதன் கையேட்டில் டிரெய்லர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். இழுக்கவே கூடாது என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

டீசலில் இன்னொன்று. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி, டிபிஎஃப் என்பார்கள், உண்டு. நல்ல சூட்டில்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தினமும் பள்ளிக்கூடம், கடை என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். வாரம் ஒருமுறை நாலுவழிச் சாலையில் அரைமணி நேரம், 2,000 சுற்றுக்கு மேல் ஓடட்டும்.

நேரம் நெருங்கிவிட்டதால் மீதியை வேகமாகச் சொல்கிறேன். பழைய வண்டி பார்க்கும்போது கீழே படுத்துப் பின் சேசிஸ் குறுக்குச்சட்டத்தில் துருவும் புது வெல்டிங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். நாலாவது கியரில் 40-ல் ஓட்டி ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பிரேக் ஆயிலை வாங்கியதுமே மாற்றுங்கள், அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. ஈரம் சேர்ந்த ஆயில் சிறுமலை மாதிரி வளைவுகளில் கொதித்து, பெடல் தரைக்குப் போய்விடும். இறக்கத்தில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், இழுக்கிற வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்பக்கம் தெரிய வேண்டும், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். கொக்கியை பம்பரில் மாட்டாதீர்கள், சேசிஸில் போல்ட் போட்டு மாட்டுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் அந்த போல்ட்டுகளை ஒருமுறை திரும்ப முடுக்கிவிடுங்கள். வணக்கம்.