அல்-உலாவில் நின்ற பொறியாளர்

பெரியோர்களே, நண்பர்களே,

"அவன் பெரிய எம்டன்" என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் நமக்கு விட்டுச் சென்ற சொல் அது. நவம்பரில் கோகோஸ் தீவருகே கப்பல் சிதைந்தது. தந்தி நிலையத்தை அழிக்கத் தீவில் இறங்கியிருந்த சுமார் ஐம்பது பேர் மட்டும் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார்கள். பிறகு அரேபியக் கரையில் இறங்கி, பெதுயீன்கள் என்ற பாலைவன நாடோடிகளோடு சண்டையிட்டு, 1915 மே மாதம் அல்-உலா என்ற ஊரில் இஸ்தான்புல்லுக்கு ரயில் பிடித்தார்கள்.

அந்தப் பாலைவனத்தில் ரயில் எப்படி வந்தது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். 1900இல் உதுமானியத் துருக்கிப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தொடங்கி வைத்த ஹெஜாஸ் ரயில் பாதை அது. இந்திய முஸ்லிம்கள் உட்பட உலகெங்குமிருந்து நன்கொடை வந்தது. தலைமைப் பொறியாளர் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்த மைஸ்னர். சுல்தான் அவருக்குப் 'பாஷா' பட்டமே கொடுத்தார். ஆனால் அல்-உலாவுக்கு அப்பால் புனித நிலம். முஸ்லிம் அல்லாதவருக்கு அங்கே அனுமதி இல்லை. மிச்சமிருந்த முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை உதுமானியப் பொறியாளர்கள் தாங்களே போட்டு முடித்தார்கள். 1908இல் ரயில் மதீனாவை அடைந்தது. வெளிநாட்டு நிபுணர் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தாரா என்பதை அறிய, அவரை அகற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே அவரை அகற்றியது யாருடைய பெருந்தன்மையும் அல்ல, மதக் கட்டுப்பாடு. விளைவு என்னவோ நல்லதாகவே அமைந்தது.

ஏன் ஜெர்மானியர்? 1881இல் துனிசியாவைப் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு எகிப்துக்குள் பிரிட்டன் புகுந்தது. ரஷ்யாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுல்தானின் நிலத்தில் ஒரு முழம்கூடக் கையில் வைத்திராத வல்லரசு ஜெர்மனி. அதனால் நம்பினார்.

பழைய உறவும் இருந்தது. 1835இல் மோல்ட்கே என்ற இளம் பிரஷ்ய (ஜெர்மன் அரசு ஒன்றின்) படை அதிகாரி இஸ்தான்புல்லுக்கு வந்து, அங்கேயே ஆலோசகராகத் தங்கிவிட்டார். 1839இல் நிசிப் என்ற இடத்தில் எகிப்தியப் படை நெருங்கியது. "பின்வாங்கி அரண் உள்ள இடத்தில் நில்லுங்கள்" என்றார் மோல்ட்கே. உதுமானியத் தளபதி ஹாஃபிஸ் பாஷா கேட்கவில்லை. படை சிதறி ஓடியது. பிற்காலத்தில் ஆஸ்திரியாவையும் பிரான்ஸையும் வென்ற பிரஷ்யப் படையின் தலைமைத் திட்டக்காரர் இவரேதான். அன்று ஆலோசகருக்கு வாய் மட்டுமே இருந்தது, கை இல்லை.

1883இல் வந்த ஜெர்மன் படை அதிகாரி கோல்ட்ஸுக்கும் அதே நிலைதான். பன்னிரண்டு ஆண்டுகள் இராணுவப் பள்ளியைத் திருத்தினார், பாடநூல்கள் எழுதினார். ஆனால் நவீனப் படை வேண்டும் என்று கேட்ட சுல்தானே அந்தப் படையைக் கண்டு அஞ்சினார். பெரிய போர்ப்பயிற்சிகளுக்கு அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஜெர்மானியருக்கு வேறொரு பலனும் கிடைத்தது: மவுசர் துப்பாக்கியும் க்ரூப் பீரங்கியும் வண்டி வண்டியாக விற்றன. வைத்தியரே மருந்துக்கடையும் வைத்திருந்தால் சீட்டு நீளத்தான் செய்யும்!

ரயிலிலும் அதே கணக்கு உண்டு. 1888இல் ஜெர்மனியின் டாய்ச்சு வங்கிக் குழு, துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவில் ரயில் பாதை போட உரிமம் பெற்றது. கிலோமீட்டருக்கு இவ்வளவு வருமானம் என்று அரசு உத்தரவாதம் தந்தது. வண்டி காலியாக ஓடினாலும் குறைகிற தொகையை உழவன் கட்டிய விளைச்சல் வரியிலிருந்து கொடுக்க வேண்டும். பாதை வந்தபின் உள்நாட்டுக் கோதுமை தலைநகருக்கு வந்து சேர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

1913இல்தான் நிலை மாறியது. பால்கன் போரில் தோற்றிருந்த அரசு, ஜெர்மன் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ் தலைமையில் வந்த குழுவுக்குப் படையணியையே ஒப்படைத்தது. ரஷ்யா கூச்சலிட்டதும் பதவியின் பெயரை மாற்றினார்கள். அடுத்த ஆகஸ்டில் கோபென், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மன் கப்பல்கள் இஸ்தான்புல்லுக்குச் செல்லும் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தன. கப்பல்களுக்குத் துருக்கிப் பெயர் சூட்டினார்கள், மாலுமிகள் தலையில் துருக்கித் தொப்பி ஏறியது. அந்தக் கப்பல்களின் ஜெர்மன் அட்மிரல் சூஷோன் அவரேதான், இப்போது உதுமானியக் கடற்படைத் தளபதி! அக்டோபர் 29இல் அவர் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டார். பேரரசு போருக்குள் விழுந்தது. உதுமானியப் போர் அமைச்சர் என்வர் பாஷாவுக்கும் அதில் பங்குண்டு, பழியை முழுக்க விருந்தாளி தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும் யோசனை சொல்ல வந்தவர் கையில் இப்போது பீரங்கி இருந்தது.

முதிய கோல்ட்ஸ் திரும்பி வந்தார், இம்முறை தளபதியாக. மெசபத்தோமியாவின் (இன்றைய இராக்) குட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையை அவர் முற்றுகையிட்டிருந்தார். 1916 ஏப்ரல் 19இல் பாக்தாதில் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். பத்து நாளில் குட் சரணடைந்தது. பிடிபட்ட சுமார் 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் படைப் பணியாளர்களும். அவர்களில் பலரைப் பாலைவனத்தில் நடத்திச் சென்று, ஜெர்மானியர் தொடங்கி முடியாமல் கிடந்த பாக்தாத் ரயில் பாதையில் மண் வெட்ட விட்டார்கள்.