வேலி மட்டும் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வாய்க்குள் கன்னத்தைக் கடித்துக்கொண்டால் நாலைந்து நாளில் ஆறிவிடுகிறது. கை முறிந்தாலோ மாவுக்கட்டோடு ஆறு வாரம் உட்கார வேண்டும். சதை வேகமாக வளரும். எலும்பு நிதானமாக வளரும். இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றித்தான்.

ஈறு நோயில் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து பள்ளம் விழுகிறது. சுத்தம் செய்து தைத்துவிட்டால் ஈறின் செல்கள் முந்திக்கொண்டு இறங்கி அந்த இடத்தைப் பிடித்துவிடும். எலும்பு வந்து பார்க்கும்போது இடம் இருக்காது. சரி, ஈறை வெளியே நிறுத்தி வைத்தால்? 1982-இல் சுவீடனைச் சேர்ந்த நைமனும் சகாக்களும் ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் ஒரு தாளை எடுத்து ஒரு நோயாளியின் பல்லருகே தடுப்பாக வைத்தார்கள். பல்லைப் பிடித்திருக்கும் திசு மறுபடி வளர்ந்தது. 1988-இல் டாலின் குழு எலிகளின் தாடையில் இரு பக்கமும் துளையிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் டெஃப்லான் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய சவ்வால் மூடியது. மூடிய பக்கம் ஆறு வாரத்தில் எலும்பால் நிறைந்தது. மூடாத பக்கத்தில் 22 வாரம் ஆகியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தச் சவ்வில் மருந்து எதுவும் இல்லை. வெறும் வேலி!

ஆனால் டெஃப்லான் கரையாது. எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். அதனால் தானே கரையும் கொலாஜன் சவ்வுகள் வந்தன; கொலாஜன் என்பது தோலிலும் எலும்பிலும் இருக்கும் ஒரு புரதம். அதிலும் ஒரு தொல்லை: தையல் விட்டுச் சவ்வு வெளியே தெரிந்தால் கிருமி ஏறிவிடும், கொலாஜனும் சீக்கிரமே கரைந்து போகும். வேலிக்குள் மருந்தையும் வைத்தால் என்ன என்ற யோசனை இங்கேதான் வலுப்பட்டது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் இதற்கு நல்ல தேர்வு. கிருமியைத் தடுக்கிறது, கொலாஜனை அரிக்கும் நொதியையும் அடக்குகிறது. வேலிக்கு ஆயுள் கூடுகிறது.

மருந்தை ஏற்றுவது பெரிய வித்தையல்ல, நிதானமாக விடுவதுதான் கடினம். செடிக்குப் பக்கத்தில் மண்பானையைப் புதைத்து நீர் ஊற்றி வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கசிந்தால் செடி பிழைக்கும், பானை உடைந்தால் வேர் அழுகும். எலும்பை வளர்க்கத் தூண்டும் பிஎம்பி-2 புரதத்தை கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வைக்க 2002-இல் அமெரிக்கா அனுமதித்தது. உடம்பில் நானோகிராம் கணக்கில் இருக்கும் பொருளை மில்லிகிராம் கணக்கில் வைத்தார்கள். பஞ்சு அதை நெடுநாள் பிடித்து வைப்பதில்லை. அனுமதிக்கப்படாத கழுத்துப் பகுதியிலும் சிலர் பயன்படுத்த, தொண்டை வீங்கி மூச்சுக்கே ஆபத்தானது. 2008-இல் அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. புரதத்தின் மேல் பழி போடுவதைவிடப் பானையைத்தான் குறை சொல்வேன்.

அப்புறம் ஒரு விஷயம். வேலியையும் மருந்தையும் உடம்பே செய்துகொள்வதும் உண்டு. பிரான்சில் மாஸ்குலே என்ற அறுவை மருத்துவர் 1980-களில், எலும்பு போன இடத்தில் எலும்பு அறுவையில் பயன்படும் சிமெண்டால் ஆன கட்டி ஒன்றை வைத்து மூடினார். உடம்பு அதைச் சுற்றித் தானே ஒரு சவ்வு நெய்துகொண்டது. சில வாரம் கழித்து சவ்வைக் கிழிக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்குகளை உள்ளே நிரப்பினார். பின்னர் ஆராய்ந்தபோது அந்தச் சவ்வு ரத்தக்குழாய்களை வளர்க்கும் புரதத்தையும் பிஎம்பி-2-ஐயும் தானே சுரப்பது தெரிந்தது, அதுவும் சில வாரங்களுக்குத்தான். அதனால்தான் இரண்டாவது அறுவையைப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.