தேர்வு முடிந்த சாயங்காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

என் பெயரைச் சொல்லாமல்தான் பேசப் போகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் நானும் ஓர் ஆள். ஏ.ஏ. கூட்டம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். பத்திரிகை, வானொலி, சினிமா, இவற்றில் உறுப்பினர் தன் பெயரை வெளியிடுவதில்லை என்பது அதில் ஒரு மரபு. வானொலி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே, பாம்பன்காரன், மீன்பிடிக் குடும்பத்துப் பையன், அது போதும்.

இருபது வயதில், மூன்றாவது செமஸ்டரில் கல்லூரியை விட்டேன். காரணம் குடி. லீவு நாளில் கடலுக்குப் போனால் கையில் பங்குக் காசு வரும். காசு வந்தால் சாயங்காலம் வரும். அப்புறம் லீவு நாள் எது, வகுப்பு நாள் எது என்ற கணக்கே போய்விட்டது. மூன்று வருஷம் கழித்து அதே கல்லூரிக்குத் திரும்பிப் போய் டிகிரி வாங்கினேன். அந்தத் திரும்பிப் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அம்மா கேட்டது, "காலேஜுக்கு எப்பய்யா போற?" என்றுதான். எனக்கும் அதே அவசரம். மருத்துவர்தான் பொறு என்றார். நம் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் போடுகிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள். முன்னே 45 நாள், 2017-லிருந்து 61 நாள். மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகைக் கரையில் கட்டுகிறோம். பலகை மாற்றுகிறோம், இன்ஜினைப் பிரித்துப் போடுகிறோம். அந்த நாளில் கரையில் நிற்கிறவனைப் பார்த்து யாராவது சோம்பேறி என்கிறோமா? குடியை விட்டவனுக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும் என்பது என் கட்சி. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வேண்டும் என்றால், குடியை விட்டதும் தலை உடனே தெளிந்துவிடாது. முதல் சில மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு பக்கம் படித்தால் மேல்வரி மறந்துபோகும். பேனா பிடித்தால் 'ழ' எழுதுவதற்குள் கை நடுங்கி, அந்தச் சுழி கோட்டைத் தாண்டிக் கீழ்வரியில் போய் விழும். மூன்று மணி நேரம் தேர்வு எழுத வேண்டியவன் கை அது. தினமும் காலையில் செய்தித்தாளைப் பார்த்து ஒரு பக்கம் எழுதினேன். நாலு கோடு போட்ட நோட்டில், இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. அம்மா கருவாட்டுக் கூடையைத் தூக்கும் முன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எழுத்து நேரான பிறகுதான் கல்லூரிப் பேச்சையே எடுத்தேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல வருஷம் தினமும் குடித்தவர், இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே தானாக நிறுத்திப் பார்க்க வேண்டாம். திடீரென்று விட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி பேதலித்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் போய் நிறுத்துங்கள்.

சரி, கல்லூரி. மறுசேர்க்கை விண்ணப்பத்தில் 'படிப்பை இடையில் நிறுத்தியதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். அதன் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். அது பொய்யில்லை. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்பையும் நோய்க் கணக்கில்தான் சேர்க்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். நான் ஒரே ஒரு பேராசிரியரிடம் மட்டும் முழுதாகச் சொன்னேன். அந்த ஒருவர் எனக்குப் பெரிய பலம்.

படிப்பை எப்படியோ சமாளித்துவிடலாம். கூடப் படித்த தம்பிகளும் தங்கமானவர்கள், "அண்ணே, அண்ணே" என்று நோட்ஸ் கொடுப்பார்கள். பயமெல்லாம் சும்மா இருக்கும் நேரத்துக்குத்தான்.

2019 ஏப்ரல் கடைசி. செமஸ்டரின் கடைசித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மனசு லேசாக இருந்தது. துக்கத்தில் குடிப்பதைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள், சந்தோஷத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன். மண்டபம் தாண்டிப் பாலத்தில் வரும்போதே பாம்பனில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகள் தெரிந்தன. தடைக்காலம் இல்லையா, ஊரில் ஒருத்தருக்கும் வேலையில்லை. பாம்பன் நிறுத்தத்தில் என் சித்தப்பா மகன் இரண்டு பேரோடு நிற்கிறான். கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்துவிட்டு, "மாப்ள பரீட்சை முடிச்சிட்டாரு" என்று அவன் கூட நின்றவன் சத்தம் போடுகிறான். பாசத்தில்தான் சொன்னான், அதில் குறையே இல்லை. இறங்கினால் பழைய குருடி கதவைத் திறடிதான். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். கண்டக்டர், "பாம்பன் வந்திருச்சுப்பா" என்றார். ராமேஸ்வரத்துக்கு இன்னொரு டிக்கெட் கேட்டேன்.

அங்கே எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர் வீட்டுத் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஊசியில் நூலைச் சுற்றி என் கையில் கொடுத்து, "அந்தக் கிழிசலப் பாரு தம்பி" என்றார். கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தோம். பத்து மணிக்குக் கடை மூடும். பத்தைத் தாண்டிய பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கல்லூரிக்குப் போகும் முன் தடைக்காலம் ஒன்று, போன பிறகு லீவு நாளுக்கும் தேர்வு முடியும் நாளுக்கும் தனியாக ஒன்று. அன்றைக்கு யார் வீட்டுத் திண்ணைக்குப் போவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது பற்றி நிறையக் குறித்து வந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்று மட்டும். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம், குடியையும் போதையையும் விட்ட மாணவர்களுக்கென்றே வளாகத்துக்குள் தனி விடுதி வைத்தது 1988-ல். நம் பாம்பன் சாலைப் பாலம் திறந்ததும் அதே வருஷம்தான். இங்கே விடுதிகூட வேண்டாம், மாதம் ஒரு சாயங்காலம் இந்தப் பிள்ளைகள் கூடிப் பேச ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டால் போதும். முதல்வர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

போதை மீட்புக்கான இலவசத் தொலைபேசி எண் 14446. எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, நான்கு, ஆறு. வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம். வணக்கம்.