ஆள் மாறலாம், கவலை மாறக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

டிவி சீரியலைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் விசித்திரம் தெரியவில்லை. தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையில் டிவி என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றும்போது திரும்பிப் பார்த்தால் தையல் கோணிவிடும். அதனால் முக்கால்வாசி சீரியலைக் கேட்கத்தான் செய்கிறேன். நம் சீரியல்களும் அதற்குத் தோதாகவே எடுக்கப்படுகின்றன. உள்ளே வருகிறவரை, 'வாங்க சித்தப்பா' என்று யாராவது உறவு சொல்லிக் கூப்பிடுவார்கள். மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்வார்கள். அதிர்ச்சி என்றால் மேளம் மூன்று தடவை அடிக்கும். சமையல்கட்டில் இருக்கிறவர்களும் மிஷினில் இருக்கிறவர்களும்தான் பார்க்கிறார்கள் என்று எடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதனால் எனக்கு முகத்தைவிடக் குரல்தான் முக்கியம். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் எதிர்நீச்சல் தொடங்கியபோது என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஆதி குணசேகரனின் குரல். நடித்தவர் மாரிமுத்து. 'ஏ, இந்தாம்மா' என்று அவர் ஆரம்பித்தால், துணி கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுப்பதை விட்டுவிட்டு நிற்பார்கள். வீட்டுக்கு வாழவந்த படித்த பெண்களை அடுப்படியில் அடைத்து வைத்திருக்கும் ஒரு மனிதர். அவரைப் பார்த்து நாமே சிரிக்கிறோம், அப்புறம் ஏன் சிரித்தோம் என்று உறைக்கிறது. அப்படி ஒரு வில்லனை டிவியில் அதற்குமுன் நான் கேட்டதில்லை. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அவர் இறந்துபோனார். அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உடம்பு முடியாமல் போனது.

அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல எழுத்தாளர், திரையில் அவர் நின்றாலே ஒரு கனம் இருக்கும். ஆனால் அவருடைய குணசேகரனைக் கண்டு பயம்தான் வந்தது, சிரிப்பு வரவில்லை. சிரிப்பு போனதும் அந்த வீட்டில் காற்றோட்டமும் போய்விட்டது. 2024 ஜூனில் முடித்தார்கள். முடித்தது சரி என்றுகூட நினைத்தேன். அந்த டிசம்பரிலேயே எதிர்நீச்சல் தொடர்கிறது என்று திரும்ப வந்தது. கதாநாயகி ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர், 'போச்சு, இனிமே பாக்க மாட்டேன்க்கா' என்றார்கள். ஒரே மாதத்தில் அவர்களே வந்து, 'யக்கா, நேத்து கரண்ட் இல்ல, இன்னா ஆச்சு சொல்லு' என்று கேட்டார்கள்.

ஏன் என்றால் ஆள் மாறியதே தவிர, கவலை மாறவில்லை. இந்த வீட்டை விட்டு வெளியே போய்ச் சொந்தக் காலில் எப்படி நிற்பது என்கிற கேள்வி அப்படியே இருந்தது. நந்தினியாக ஹரிப்பிரியாவும் ஈஸ்வரியாக கனிகாவும் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் திருச்செல்வம் கோலங்கள் எடுத்தவர் இல்லையா, பெண்ணின் வைராக்கியத்தை வருஷக்கணக்கில் இழுக்கத் தெரிந்தவர். சில வாரம் ரொம்பவே இழுக்கிறார் என்பதும் உண்மை.

இதற்கு நேர் எதிர் சித்தி 2. முதல் சித்தி 1999 கடைசியில் வந்தது. சித்தியாக நடித்த ராதிகா அப்போது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. 2020 ஜனவரியில் அடுத்த பாகம் வருகிறது என்றபோது எங்கள் தெருவில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அடுத்த வருஷம் ராதிகா அரசியல் வேலை இருக்கிறது என்று விலகிக்கொண்டார். அதற்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. சித்தி இல்லாத சித்தி! கதை வெண்பா என்கிற பெண்ணைப் பற்றியது, சரி. அப்படியானால் வெண்பா என்றே பெயர் வைத்திருக்கலாமே. பழைய பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு வேறு சரக்கு விற்கிற கடை எங்கள் எம்.சி. ரோட்டில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காது.

என்னைக் கேட்டால், திரும்ப வந்ததிலேயே ஒழுங்காக வந்தது மெட்டி ஒலிதான். 2020 ஊரடங்கில் புதுப் படப்பிடிப்புக்கு வழியில்லாமல் பழைய நாடாவை அப்படியே எடுத்துப் போட்டார்கள். அஞ்சு பெண்ணைப் பெற்ற அப்பா, ஒவ்வொரு பெண்ணின் புகுந்த வீட்டிலும் போய்த் தலைகுனிந்து நிற்கிறார். 2002-ல் அதைப் பார்க்கும்போது நான் பெண்கள் பக்கம். திரும்பப் பார்க்கும்போது அந்த டெல்லி குமார் முகத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கடை மூடியிருந்த காலம் அது, முகத்தையே உட்கார்ந்து பார்க்க நேரம் இருந்தது.

பாண்டியன் ஸ்டோர்ஸ் இரண்டாம் பாகத்தில் இன்னொரு தந்திரம். முதல் பாகத்தில் தம்பிகளை வளர்த்த அண்ணன் மூர்த்தியாக வந்த ஸ்டாலினையே அடுத்த பாகத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பாவாக்கிவிட்டார்கள். கதை வேறு, ஆள் அதே. எனக்கு ஒட்டவில்லை. அவர் மகனைத் திட்டும்போதெல்லாம் முதல் பாகத்து மனைவி தனத்தைத் தேடுகிறேன்.

இப்போது புதுசுக்கு வருகிறேன். ரொம்பப் புதுசும் இல்லை, 2023 ஜனவரியில் விஜய் டிவியில் தொடங்கிய சிறகடிக்க ஆசை. இது பிடித்துப்போனதற்குக் காரணம் காதலும் இல்லை, மாமியார் சண்டையும் இல்லை. பணம். இந்தத் தொடரில் எல்லோரும் காசைப் பற்றிப் பேசுகிறார்கள். முத்து கார் ஓட்டுகிறான். மீனா பூக்கட்டி விற்கிற வீட்டுப் பெண். முத்துவின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரம்பூர் பக்கம் தெருவுக்கு நாலு பேர் அவரைப் போல உண்டு. அவருடைய ரிட்டையர்மென்ட் பணத்தைத் தொலைத்த மூத்த மகன்தான் அம்மாவுக்குச் செல்லம். இது நடக்காத வீடு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? மற்ற சீரியல்களில் காலையில் பட்டுப்புடவையோடு எழுந்து கம்பெனிக்குப் போவார்கள், அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று கடைசி வரை தெரியாது. மீனாவுக்கு மாலை ஆர்டர் வந்தால், அட்வான்ஸ் எவ்வளவு, பூ எங்கே வாங்குவது, யார் கட்டுவது என்று ஒரு எபிசோடே ஓடுகிறது. அட்வான்ஸ் வாங்காமல் துணி வெட்டுகிற தப்பைச் செய்யாதே என்று என் கடைப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு அது உதவியது.

ஆனால் ரோகிணியின் ரகசியம் இருக்கிறதே! முதல் கல்யாணத்தையும் பிள்ளையையும் மறைத்துவிட்டு, மலேசியாவில் பணக்கார அப்பா என்று சொல்லி வந்தவள். இன்றைக்கு மாட்டிக்கொள்வாள், நாளைக்கு மாட்டிக்கொள்வாள் என்று ப்ரோமோவில் காட்டுவார்கள். திங்கட்கிழமை பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்து தப்பித்திருப்பாள். ஒரு தடவை, ரெண்டு தடவை சரி. அந்த வீட்டில் அவ்வளவு கதவா?

வெப் சீரிஸுக்கு எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான். அதைக் காதால் கேட்க முடியாது, பேசாமல் முகத்தைக் காட்டியே அஞ்சு நிமிஷம் போகும். புஷ்கர் காயத்ரியின் சுழல் முதல் பாகம் 2022-ல் வந்தது. காணாமல் போன பெண்ணைத் தேடுகிற கதையை மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குள் வைத்திருந்தார்கள். மாசி அமாவாசைக்கு அங்காளம்மன் வேஷம் கட்டி சுடுகாட்டுக்குப் போவதை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். அதைப் பேய் வேடிக்கையாகக் காட்டாமல், கதையோடு கதையாக ஓட விட்டது எனக்குப் பெரிய நிறைவு. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் வேறு ஊர், வேறு திருவிழா, ஒரு கொலைக்கு எட்டுப் பெண்கள் நான்தான் நான்தான் என்று வந்து நிற்கிறார்கள். ஆரம்பம் அபாரம். போகப் போகத் திருவிழா வெறும் அலங்காரமாகிவிட்டது. ஆனாலும் கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் முதல் பாகத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டே வருகிறார்கள், அதற்காகவே பார்க்கலாம்.

ஹார்ட் பீட் என்கிற வெப் சீரிஸ் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, எனக்கும் பாதி பிடிக்கிறது. கைவிட்ட அம்மாவும் மகளும் ஒரே ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் என்பது நல்ல முடிச்சு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல் கூட்டத்தைப் பார்த்தே பழகிய எனக்கு, டாக்டர்களுக்குக் காதலிக்க இவ்வளவு நேரம் கிடைக்கிறதே என்பதுதான் ஆச்சரியம்.

பிக் பாஸைப் பற்றி ஒன்றே ஒன்று. கமல் போய் விஜய் சேதுபதி வந்தது நல்ல மாற்றம், கேள்வி நேராக வருகிறது. மற்றபடி நூறு நாள் சண்டை கேட்க எனக்குத் தெம்பில்லை. ஏழாவது சீசனில் எங்கள் புளியந்தோப்பு கானா பாலா உள்ளே போனபோது மட்டும் தொடர்ந்து பார்த்தேன். கத்தத் தெரியாத மனுஷன், ரொம்ப நாள் இருக்கவில்லை.

அவரைச் சொன்னதும் என் பெரிய குறை ஞாபகம் வருகிறது. சீரியலில் வட சென்னைத் தமிழ் எப்போது கேட்கும்? கதாநாயகியைக் கடத்த ஆள் வரும்போது. கைலி, கழுத்தில் கர்ச்சீப், 'இன்னாமே'. கடத்தல் முடிந்ததும் ஆளும் காணோம், பேச்சும் காணோம். வளசரவாக்கம் பக்கம் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மாறி மாறிக் கல்யாணம் நடத்துகிறவர்கள், ஒரு நாள் ரயில் பிடித்து ராயபுரத்தில் இறங்கிப் பார்க்கலாம்.

கதையும் நானே தருகிறேன், காசு வேண்டாம். வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிற ஒரு அம்மா. புருஷன் படகுத் தொழிலாளி, வருமானம் நின்றுவிட்டது. தண்டலுக்குக் கடன் கொடுத்தவன் வசூலுக்குத் தினமும் சாயங்காலம் வருகிறான். ஜூனில் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். கம்மல் அடகுக் கடையில். மாமியாரோ ஊரைக் கூட்டிப் பேசுகிற ஆயா. வில்லனே தேவையில்லை, காலண்டர் போதும். 61 நாள் என்பது நம் மெகா தொடர்களில் ஒரு தாலி கட்டி முடிக்கிற நேரம்தான். ஜூன் 14 ராத்திரி படகுக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள் என்பதோடு முதல் பாகத்தை முடித்துக்கொள்ளட்டும். இரண்டாம் பாகத்துக்கு அந்த அம்மா வேஷத்தில் யாரை மாற்றினாலும் பரவாயில்லை, கம்மல் மட்டும் இன்னும் அடகிலேயே இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.