வேலி எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானையைக் காண்பது அரிது. ஆனால் நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு வன்னியில் வயல் உண்டு. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ நெல் முற்றும் காலத்தில் இரவிரவாகக் காவல் இருப்பவர் நம் உறவினராகத்தான் இருப்பார். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியை ஆண்ட வன்னியர்கள் திறையாகக் கொடுத்த யானைகள் ஆனையிறவு வழியாகவே குடாநாட்டுக்கு வந்தன. யானைக்கும் நமக்குமான தொடர்பு அவ்வளவு பழையது.

2011இல் எடுத்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 160க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். தந்தத்துக்காக நடக்கும் கொலைகள் அல்ல இவை. நம் நாட்டு ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, ரயில், பன்றிக்கு வைக்கும் வாய்வெடி என்று சாவு பல வழிகளில் வருகிறது. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ஒரே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன.

வாய்வெடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தீனிக்குள் மறைத்த வெடியைக் கடிக்கும் யானையின் தாடையும் நாக்கும் சிதைந்துவிடும். தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்தே அது சாகும். பெரும்பாலும் அகப்படுவது குட்டிகளும் இளம் யானைகளும். வைத்தவர் யானையைக் கொல்ல நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் இதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யானையைத் துரத்திச் சரணாலயத்துக்குள் அடைத்து, சுற்றிவர மின்வேலி போடுவதே பல ஆண்டு வழக்கம். யானை நடமாடும் நிலத்தின் பெரும்பகுதியோ சரணாலயங்களுக்கு வெளியே, ஊர்களோடு கலந்து கிடக்கிறது. அதனால் பல இடங்களில் வேலிக்கு இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. துரத்தும்போது ஓடுவது தாய்களும் குட்டிகளும். வயலுக்குப் பழகிய ஆண் யானை மறுபடியும் வந்துவிடும். உள்ளே அடைபட்ட கூட்டங்கள் தீனியின்றி மெலிந்து செத்ததையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

யானை ஆய்வாளர் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் வேலியை ஊரையும் வயலையும் சுற்றிப் போடச் சொன்னார்கள். குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பக்கத்தில் கமக்காரரே போகத் தொடக்கத்தில் வயல்வேலி போட்டு, தாங்களே பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். பிறகு அரிதாளை யானை வந்து மேயும். இந்த வேலியில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்கிறது. சுண்டி விரட்டுமே தவிர உயிரைக் குடிக்காது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்கு இழுப்பது கொலை. அதில் மனிதரும் சாகிறார்கள். 2020இல் பெர்னாண்டோ தலைமையிலான குழு தயாரித்த தேசியச் செயற்றிட்டமும் ஊர்வேலியையும் வயல்வேலியையுமே முன்வைத்தது. அது இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

காலபோகத்துக்கு முன் கமக்கார அமைப்புகள் கூடும். வாய்க்கால், விதைநெல், உரம் எல்லாம் பேசப்படும். வயல்வேலியையும் பேசச் சொல்லுங்கள். கம்பிக்கும் கட்டைக்கும் பராமரிப்புக்கும் யார் பொறுப்பு என்பதை விதைப்புக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களும் வேலிச் செலவில் பங்கெடுக்க வேண்டும். விளைச்சலில் பங்கு வாங்குகிறோம் அல்லவா?

வணக்கம்.